அதுக்கு மேல இன்னா இருக்குது?

அம்மாவிடம் எந்தப் படத்தைக் காட்டினாலும், முதலில் புடவைத் தலைப்பால் போன் கண்ணாடியை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். அன்றைக்கும் அப்படித்தான். கீழ்ப்பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஹெலிகேம் வைத்து எடுத்த அருவி. நான்கு நாள் அலைந்து எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் தேறியது அது ஒன்றுதான். கறுத்த பாறை, இரண்டு பக்கமும் அடர்ந்த பச்சை, நடுவில் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தண்ணீர். நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அருவியில் கண் நிற்கவில்லை. நகர்த்தி நகர்த்தி மேல் விளிம்புக்குப் போனாள். படம் அங்கே முடிந்துவிட்டது. திரும்பவும் தள்ளிப் பார்த்தாள். போகவில்லை.

"அதுக்கு மேல இன்னா இருக்குது நைனா?"

"மேலயா? ஆறு வருதும்மா."

"அத்த ஏன் எடுக்கல?"

என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் மூன்று பேட்டரி தீரும்வரை அந்த அருவிக்கு முன்னால் பறக்கவிட்டிருக்கிறேன். மனுஷன் காலால் போக முடியாத இடத்துக்கெல்லாம் போகிற கேமரா கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, கீழே குளிக்கிற இடத்தில் நிற்பவர் போனில் எடுக்கிற அதே படத்தைக் கொஞ்சம் உயரத்தில் நின்று எடுத்து வந்திருக்கிறேன். அம்மா அரை நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்குத் தண்டையார்பேட்டை. பதினாலு வருஷமாகக் கல்யாண போட்டோகிராபி. அதில் கடைசி ஆறு வருஷம் ஹெலிகேமும் சேர்த்து. ட்ரோன் என்று சொன்னால் கல்யாண வீட்டில் ஒரு கணம் யோசிப்பார்கள்; ஹெலிகேம் என்றால் உடனே புரியும். எங்கள் பக்கத்தில் அதை நினைத்தபடி ஏற்றிவிட முடியாது. துறைமுகமும் பக்கத்தில், கோட்டையும் பக்கத்தில். அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எந்த இடம் சிவப்பு (பறக்கக் கூடாது), எது மஞ்சள் (அனுமதி வேண்டும்), எது பச்சை என்று பார்க்காமல் நான் பெட்டியைத் திறப்பதே கிடையாது. 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு பச்சை மண்டலத்தில் 400 அடி வரைக்கும் ஏற்றலாம். சம்பாதிக்கப் பறக்கவிடுகிறவன் ரிமோட் பைலட் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். நான் எடுத்துவிட்டேன். எடுக்காமல் ஓட்டுகிற தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கீழே நிற்பது நம் வீட்டுக் குழந்தைகள்தான்.

ஆனால் ஆகாயத்தோடு பழக்கம் அதற்கும் முந்தியது. எங்கள் தெருவில் ஆகாயம் என்றால் காத்தாடி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் மொட்டைமாடியை விட்டு இறங்க மாட்டோம். சூத்திரம் போடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. நடுக்குச்சியில் மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு, இரண்டு நூலும் சேருகிற இடத்தில் கைநூல். மேல்நூல் ஒரு விரல் கூடிப்போனால் காத்தாடி மல்லாந்துகொண்டு இழுக்கும், ஏறாது. குறைந்தால் தலை கவிழும். கண்ணுக்குத் தெரியாத காற்று எங்கே ஏறுகிறது, எந்த வீட்டுச் சுவரில் மோதிச் சுழல்கிறது என்பதெல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். மாஞ்சாவும் போட்டோம். கண்ணாடித் தூள் கலந்து போட்ட அந்த நூல் வண்டியில் போனவர்கள் கழுத்தை அறுத்திருக்கிறது, அப்பாவோடு வண்டியில் உட்கார்ந்து போன குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. இன்றைக்குத் தடை இருக்கிறது. அது சரிதான். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

காத்தாடியில் கேமரா கட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது ரொம்பப் பிந்தி. பிரான்ஸில் ஆர்தர் பாத்யூ என்பவர் 1888-லேயே எடுத்துவிட்டார். ஷட்டரைத் தட்ட ரிமோட்டா இருந்தது? மெதுவாக எரிகிற திரி ஒன்றைப் பற்றவைத்து மேலே அனுப்பினார். திரி எரிந்து முடிகிற நேரத்தில் காத்தாடி சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஜெர்மனியில் யூலியுஸ் நொய்ப்ரோன்னர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் குட்டிக் கேமரா கட்டிப் பறக்கவிட்டு, 1908-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பந்தயப் புறா வளர்க்கிற எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தினி கிராம் கட்னாரு?" எழுபது கிராம் சொச்சம் என்றேன். கையிலிருந்த புறாவை ஒருமுறை எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். நான் கல்யாணம் எடுத்துக் கொடுத்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான இடம். காப்பி, மிளகு, நிழலுக்குச் சில்வர் ஓக். "எங்க தோட்டத்துல ஒரு அருவி இருக்கு, ஒரு தரம் வந்து எடுங்களேன்" என்றார்கள். வனத்துறை எல்லைக்குள் வரவில்லை, வரைபடத்தில் பச்சை மண்டலம் என்பதை உறுதி செய்துகொண்டு கிளம்பினேன். சரணாலயத்துக்குள் இருக்கிற அருவி என்றால் கேட்டிருக்கவே மாட்டேன். கூடு கட்டியிருக்கிற பறவைக்கு இந்த இரைச்சல் எமன்.

தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடை. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூட வந்த மேஸ்திரி உப்பும் புகையிலையும் கலந்து ஒரு துணி மூட்டை கட்டிக் கையில் கொடுத்தார். "அட்டை ஏறுனா பிச்சு இழுக்காதீங்க தம்பி, இதைத் தொட்டு வைங்க, தானா விழுந்துரும்." விழுந்தது. காலில் ரத்தம் நின்றது மட்டும் சாயங்காலம்தான்.

அருவி அறுபது மீட்டர் இருக்கும். கல்யாண மண்டப முகப்பை வளைத்து வளைத்து எடுத்த கைக்கு இது வேறு வேலை என்று முதல் பத்து நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. விழுகிற தண்ணீர் பக்கத்துக் காற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. அடியில் போய் மோதிய பிறகு அந்தக் காற்று சாரலோடு வெளிப்பக்கம் அடிக்கிறது. அருவியை நெருங்கினதும் ஹெலிகேம் தானாக இறங்கத் தொடங்கியது. ரிமோட்டில் இருக்கிற குச்சியை நான் தொடவே இல்லை. மேலே தள்ளுகிறேன், மோட்டார் சத்தம் ஏறுகிறது, உயரம் ஏறவில்லை. பின்னால் இழுத்து வெளியே கொண்டுவந்தபோது லென்ஸ் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நீர். மலை இடுக்கு என்பதால் ஆகாயத்தில் கொஞ்சம்தான் தெரிகிறது, ஜி.பி.எஸ். எட்டு சாட்டிலைட்டுக்கு மேல் பிடிக்கவில்லை. அடிவயிற்றில் இருக்கிற சென்சார் தரையைப் பார்த்து ஒரே இடத்தில் நிற்கிற வேலையைச் செய்யும். கீழே இருப்பது ஓடுகிற தண்ணீராக இருந்தால் அதற்குக் குழப்பம். தண்ணீரோடு சேர்ந்து இதுவும் நகர ஆரம்பிக்கும். அருவியின் தலையிலிருந்து ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினால் திரையில் உயரம் மைனஸ் 40 என்று காட்டும். கிளம்பின இடத்தைத்தான் அது பூஜ்யமாக வைத்திருக்கிறது. முதல்முறை அந்த மைனஸைப் பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அப்புறம் வெளிச்சம். நடுப்பகலில் எடுத்ததெல்லாம் வீண். வெயில் பட்ட தண்ணீர் வெறும் வெள்ளையாக வெந்துபோய், பக்கத்துக் காடு கரிக்கட்டையாகக் கிடந்தது. இதற்கு எனக்குப் பாடம் ராயபுரத்துச் சர்ச் கல்யாணங்களில் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. பெண் வெள்ளை கவுன், மாப்பிள்ளை கறுப்பு கோட். கோட்டுக்கு எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, வைத்தால் கவுனில் இருக்கிற லேஸ் வேலையெல்லாம் அழிந்துவிடும். அழிந்தது திரும்பி வராது. கவுனுக்கு வைத்துவிட்டால், கேமரா பதிந்தபடியே வைத்திருக்கிற ரா ஃபைலில் கறுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். அருவிக்கும் அதேதான். காலை ஏழு மணிக்கு, மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறுவதற்கு முன்னால், இல்லையென்றால் மேகம் மூடின நாளில் எடுக்க வேண்டும். பட்டுப்போல் இழையிழையாக வர ஷட்டர் அரை விநாடியாவது திறந்திருக்க வேண்டும். என் கேமராவில் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழைகிற துளையை, குறைக்க வழியில்லை, அதனால் வெளிச்சத்தை மட்டுப்படுத்துகிற என்.டி. 64 ஃபில்டர். 1/125-இல் வருகிற வெளிச்சத்தை அது அரை விநாடிக்கு இழுத்துவிடும். அந்த அரை விநாடி ஹெலிகேம் ஆடாமல் நிற்க வேண்டும். பத்து எடுத்தால் இரண்டு தேறும்.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. எட்டரை மணிக்கு மலை விளிம்பைத் தாண்டி வெயில் இறங்கியது. சூரியன் ஹெலிகேமுக்கு முதுகுப் பக்கம், சாரல் கீழே. கேமராவைக் கவிழ்த்தேன். தரையில் நிற்கிறபோது வானவில்லின் கீழ்ப்பாதியைத் தரை தின்றுவிடும். ஆகாயத்தில் அப்படி இல்லை. சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிற புள்ளியைச் சுற்றி 42 பாகையில் வட்டமாகவே இருக்கிறது. என் லென்ஸுக்குள் அந்த வட்டம் அடங்கவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தெரிந்தது. மேஸ்திரி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, முப்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், இது வட்டம் என்று தெரியாது என்றார். சாரல் திசை மாறினதும் அது போய்விட்டது. மறுநாள் காத்திருந்தும் வரவில்லை.

இத்தனையும் பார்த்துவிட்டு வந்து, அம்மா கேட்ட ஒரு கேள்வியில் எல்லாம் போதாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு, தூர தேசத்து அருவிகளை மேலிருந்து எடுத்த படங்களை எங்கே பார்த்தாலும் அம்மாவின் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். உலகத்திலேயே உயரமான அருவி வெனிசுவேலாவில் இருக்கிறது, 979 மீட்டர். அங்கத்திய பூர்வகுடிகளான பெமோன் மக்கள் அதற்குக் கெரெபகுபாய் மேரூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1933-இல் ஜிம்மி ஏஞ்சல் என்ற அமெரிக்க விமானி மேலே பறக்கும்போது அதைப் பார்த்தார். வெளியுலகம் அவர் பெயரையே அருவிக்கு வைத்துவிட்டது. 1937-இல் அந்த மலையின் உச்சியிலேயே விமானத்தை இறக்கினார். சக்கரம் சேற்றில் புதைந்தது. மனைவியும் இன்னும் இரண்டு பேரும் அவருமாக 11 நாள் நடந்து கீழே வந்து சேர்ந்தார்கள். விமானம் 33 வருஷம் அங்கேயே கிடந்தது. எனக்கு அவரைவிட ரூத் ராபர்ட்சன் மேல்தான் மதிப்பு அதிகம். பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆகாயத்திலிருந்து படம் எடுத்தவர், அதோடு விடவில்லை. 1949-இல் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு ஆற்று வழியாகவும் காட்டு வழியாகவும் அருவியின் அடிக்கே போய், அளந்து, 979 என்ற அந்த எண்ணைக் கொண்டுவந்தார். மேலிருந்து பார்த்தால் உயரம் தெரியாது என்பது படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். நேர் மேலே போய்விட்டால் அருவியே ஒரு கோடாகச் சுருங்கிவிடும்.

அந்த அருவிக்கு மேலே என்ன இருக்கிறது? மேலிருந்து எடுத்த படங்களில் தெரிவது, மேகம் வந்து உட்காருகிற தட்டையான ஒரு பிரம்மாண்டப் பாறை மேடு. அங்கே பெய்கிற மழை பாறை விரிசல்களில் புகுந்து வெளியே குதிக்கிறது. அதாவது அதற்கு மேலே இருப்பது மழைதான். கீழே நின்று எடுத்த படம் எதுவும் இதைச் சொல்லாது.

இன்னொன்று அதே தென் அமெரிக்காவில், கயானா நாட்டில், கையெட்டூர். அதற்கு மேலே போடாரோ ஆறு. சிறிய விமானத்தில் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து போகிறவர்கள் ஜன்னல் வழியே எடுத்த படங்களில், முடிவே தெரியாத காட்டுக்கு நடுவே கறுப்புத் தேநீர் நிறத்தில் அந்த ஆறு சாவகாசமாக வளைந்து வருகிறது. இலை ஊறின சாயம் அது. விளிம்பில் மெலிந்து தேன் நிறமாகி, விழும்போது வெள்ளையாகிறது. ஒரே வீச்சில் 226 மீட்டர். விமானத்திலிருந்து எடுப்பது என் வேலைக்கு நேர்மாறான வேலை. அங்கே அரை விநாடியெல்லாம் நடக்காது, 1/1000-க்குக் குறையக் கூடாது. அதிர்வு ஏறும் என்பதால் கேமராவை ஜன்னல் சட்டத்தில் சாய்க்கக் கூடாது, கண்ணாடியில் நம் நிழல் விழாமல் இருக்கக் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

கயானா என்றதும் எனக்கு எங்கள் கடற்கரை ஞாபகம் வருகிறது. 1845 முதல் இங்கிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்களைக் கரும்புத் தோட்டக் கூலிக்கு அந்த நாட்டுக்கு ஏற்றிப் போனார்கள். அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டி, தூரத்தில் நின்ற கப்பலுக்குப் போக வேண்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே மதராசி என்று அழைக்கப்படுகிறார்கள், மாரியம்மனுக்குப் பூசை செய்கிறார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். படகேறின ஒருவராவது பின்னால் அந்த அருவியைப் பார்த்திருப்பாரா?

கையெட்டூரில் சராசரியாக விநாடிக்கு 660 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. இந்த எண்ணைப் படித்த அன்று என்னால் தூங்க முடியவில்லை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற புழல், சோழவரம், பூண்டி ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் நானும் அம்மாவும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து லாரிக்குக் குடம் வரிசை போட்டிருக்கிறோம். பச்சைக் குடம் எங்களுடையது. கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருப்பாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு ரயில் தண்ணீர், கையெட்டூரில் நான்கு விநாடியில் விழுந்து முடிந்துவிடுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. பிறகு மெதுவாக விரலை மடக்கி எண்ணினாள். "ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு." நாலில் நிறுத்திவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் திரும்பவும் தோட்டத்துக்குப் போனேன். முகூர்த்தம் இரண்டை நண்பனிடம் கைமாற்றிவிட்டுத்தான் போக முடிந்தது. மேஸ்திரி, "போன தடவை எடுத்தது பத்தலையா தம்பி?" என்றார். "மேல போகணும்ணே, தண்ணி வர்ற வழியே" என்றேன். அவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்தேன். அருவியை எடுக்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் கேட்டதில்லையாம்.

பறக்கிற ஹெலிகேம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், ஓடையை ஒட்டி நாங்களும் ஏறினோம். மேலே இருப்பது சின்ன ஓடைதான். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நான்கு வளைவு, ஒரு சதுப்பு, அதற்கும் மேலே மேகம் உரசுகிற மேடு. அங்கங்கே கறுப்பு ஹோஸ் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுத்திருந்தார்கள். கடைசியில் பிடிபட்ட கோணம் இது: அருவிக்கு வெளிப்பக்கமாக, விளிம்பைவிட உயரத்தில் ஹெலிகேம். கேமரா பாதிச் சாய்வு. அருவி படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அடங்கிக் குட்டையாகிவிட்டது. மிச்ச இடமெல்லாம் ஓடை வருகிற வழி. காலை ஏழேகால், மேகம், அரை விநாடி. காற்று நிற்பதற்காகக் காத்திருந்து காத்திருந்து இருபத்துமூன்று எடுத்தேன். நான்கு கூர்மையாக வந்தன.

வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதில் ஒன்றைச் சரி செய்தேன். அழகு என்று பார்த்தால் போன வருஷப் படம்தான் அழகு. இதில் அருவி கம்பீரமாக இல்லை. அளவும் பிடிபடவில்லை, ஓடை அகலமா குறுகலா, மரம் உயரமா குட்டையா என்று எதை வைத்துச் சொல்வது? அந்தக் குறை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிரிண்ட் போடலாமா வேண்டாமா என்ற யோசனையோடுதான் அம்மாவிடம் நீட்டினேன்.

தலைப்பால் துடைத்தாள். இரண்டு விரலை வைத்தாள். விளிம்பிலிருந்து மேலே, முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனாள். மூன்றாவது வளைவில் விரல் நின்றது.

"இங்க ஒரு பொம்பள நிக்குது பாரு."

"எங்கம்மா?"

"தோ. குடம் வெச்சிருக்குது."

ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. பத்துப் புள்ளி அகலம்கூட இருக்காது. பக்கத்தில் குனிந்த மாதிரி ஒரு நிழல், நீலமோ பச்சையோ ஒரு புடவை. இரண்டு ராத்திரி நான் தடவித் தடவிப் பார்த்த படம். என் கண்ணில் படவில்லை. அந்தக் குடத்தை வைத்துப் பார்த்ததும் ஓடை எத்தனை தப்படி, மரம் எத்தனை ஆள் உயரம் என்பதெல்லாம் கடகடவென்று இடத்தில் வந்து உட்கார்ந்தன. சுற்றிலும் தண்ணீர் எல்லாம் அரை விநாடியில் கலங்கி இழையாக ஓடியிருக்கிறது. அந்தப் பொட்டு மட்டும் கலையாமல் இருந்தது.

"அரை செகண்டும்மா. கொஞ்சம் அசைஞ்சிருந்தாலும் அழிஞ்சிருக்கும். எப்படி அசையாம நின்னாங்கன்னு தெரியல" என்றேன்.

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"குடம் ரொம்பிக்கினு இருக்குதுல்ல," என்றாள். "அதான்."